மேசை உயரத்துக்கு வந்தவள்

ஆஸ்பத்திரியின் ஆலோசனைக் குழுவில் சேர்ந்த முதல் வருடத்திலேயே தையல்காரி அரை அடி குறைந்துபோனாள். இளைத்துவிட்டாள் என்றுதான் அக்கம்பக்கத்தில் முதலில் பேசிக்கொண்டார்கள். இளைப்பு வேறு, இது வேறு. கை, கால், மூக்கு, காது எல்லாம் ஒரே கணக்கில் குறைந்திருந்தன. தைக்கிறவள் என்பதால் அவளுக்கு அது பெரிய சிரமமாக இல்லை. கூட்டம் முடிந்து வந்ததும் உடைகளைப் பிரித்து, பிடித்துத் தைத்துக்கொண்டு, மறுநாள் வழக்கம்போலக் கடையைத் திறந்துவிடுவாள்.

பழைய ஆஸ்பத்திரியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம், நோயாளிகளையும் குடும்பத்தினரையும் கேட்காமல் ஒரு செங்கல்கூட வைக்கமாட்டோம் என்று நிர்வாகம் அறிவித்தபோது, முந்திக்கொண்டு பெயர் கொடுத்தவள் அவள். காரணம் தெருவுக்கே தெரியும். அவள் புருஷன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது, வாசலில் நிற்க இடமில்லை என்று காவலாளி அவளை மாடிப்படிக்கு விரட்டியிருந்தான். உள்ளே அவர் கண் விழித்து அவளைக் கேட்டிருக்கிறார். நர்ஸ் கதவைத் திறந்து பார்த்திருக்கிறாள், யாரும் இல்லை. அவர் அப்படியே போய்ச்சேர்ந்தார். அப்பாவின் பழுதான இதயத்தோடுதான் ஒரே மகளும் பிறந்திருந்தாள். என்றைக்காவது அவளும் அதே பிரிவில் படுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே தையல்காரிக்குக் கேட்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் சார். உள்ள படுத்திருக்கறவங்க கண்ணத் தொறந்தா நம்ம ஆளு இருக்காங்கன்னு தெரியணும். கதவுக்குப் பக்கத்துல கண்ணாடி வச்ச ஒரு ரூம். அவ்வளவுதான்," என்றாள் முதல் கூட்டத்தில்.

நிர்வாக அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை. நல்ல மனிதர்தான், அதுதான் இதில் பெரிய கொடுமை. அருமையான யோசனை, குறித்துக்கொண்டோம் என்றார். பிறகு எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்து, சுவருக்கு எந்தப் பச்சை வேண்டும் என்று வண்ண அட்டைகளை நீட்டினார். ஒரு காலை இழந்த லாரி டிரைவர், தள்ளுவண்டி ஏறச் சாய்வுப் பாதை கேட்டார். அதையும் குறித்துக்கொண்டு அவர் கையிலும் பச்சை அட்டைகளைக் கொடுத்தார்கள். இப்படிக் குறித்துக்கொள்ளும்போதெல்லாம் கேட்டவர் கொஞ்சம் குறைந்தார். சட்டை தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்து மற்றவர்கள் சுதாரித்துக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். லாரி டிரைவர்கூட ஒரு மழைநாளைச் சாக்கு வைத்து நின்றுவிட்டார். தையல்காரி மட்டும் விடாமல் போனாள். போதும், விட்டுத்தொலை என்று மகள் கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள்.

"நானும் போகலேன்னா கூட்டத்துல நமக்குன்னு போட்ட அந்த ஒரு நாற்காலியையும் எடுத்துருவாங்கடி," என்றாள் தாய்.

வருடங்கள் போயின. அதிகாரிக்குத் தலை நரைத்தது, சுவரின் பச்சை முடிவானது. கூட்ட அறை மேசைமேல் புதுக் கட்டடத்தின் அட்டை மாதிரி ஒன்று வந்து உட்கார்ந்தது. மேலிருந்து பார்த்தவர்களுக்கு மொட்டைமாடித் தோட்டம்தான் தெரிந்தது, ஆகா என்றார்கள். அதற்குள் தையல்காரி நாற்காலிமேல் நின்றால்தான் மேசை எட்டுகிற உயரத்துக்கு வந்திருந்தாள். அதனால் மாதிரியின் ஜன்னல்கள் சரியாக அவள் கண்ணுக்கு நேரே இருந்தன. உள்ளே பார்த்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்குப் பக்கத்தில், அவள் கேட்ட இடத்திலேயே, கண்ணாடி வைத்த ஒரு அறை இருந்தது. அதற்குள் காப்பி மெஷினும் பூங்கொத்துகளும் இருந்தன. கடை. அவள் அதைச் சொன்னதும் அதிகாரி குனிந்து பார்த்து, உண்மையிலேயே வருத்தப்பட்டார். கடை வாடகை இல்லாமல் கட்டடம் ஓடாது என்று விளக்கினார். ஆனாலும் அவளுடைய ஆட்சேபணையைக் குறித்துக்கொண்டார். அன்று அவள் ஒரு சாண் ஆனாள். மகள்தான் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதன்பின் மெஷினை மகள் மிதித்தாள், தாய் துணிமேல் நடந்து நடந்து சாக்பீஸ் துண்டால் கோடு போட்டுக் கொடுத்தாள். உருப்படிகள் முன்பைவிடச் சுத்தமாக வந்ததாக வாடிக்கையாளர்கள் சொன்னார்கள்.

திறப்பு விழா முடிந்து பச்சைச் சுவரில் கை அழுக்குப் படியத் தொடங்கியபோது, மகள் மெஷின்மேலேயே மயங்கி விழுந்தாள். தெருக்காரர்கள் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். தாய் அவள் சட்டைப் பையில் சுருண்டு கிடந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மகளின் உடையைக் கழற்றி, ஒரு பையில் போட்டு வாசலில் இருந்த காவலாளியிடம் கொடுத்தார்கள். தையல்காரி பையிலிருந்து இறங்கி, உள்ளே விடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினாள். காவலாளி குனிந்து பார்த்து, குடும்பத்தினருக்கு இங்கே இடமில்லை, கடையில் ஏதாவது வாங்கினால் உட்காரலாம் என்று மரியாதையாகவே சொன்னான். மேலதிகாரியைக் கூப்பிடுகிறேன், குறித்துக்கொள்வார் என்றும் சொன்னான். கேட்ட மாத்திரத்தில் அவள் விரலளவு ஆனாள். கதவுக்கடியில் இருந்த இடைவெளி அவளுக்கு இப்போது தாராளமாகப் போதும். நுழைந்துவிட்டாள். உள்ளே ஒரு நர்ஸ் அவளைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல், தள்ளிக்கொண்டு வந்த மருந்து வண்டியைச் சற்று ஒதுக்கிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் மகள் கண் விழித்து அம்மா எங்கே என்று கேட்டாள்.

"இங்கதான்டி இருக்கேன், தலகாணி மேல," என்றது காதோரம் ஒரு குரல். "திரும்பாத. நசுங்கிடுவேன்."

புருஷனுக்கு வாய்க்காதது மகளுக்கு வாய்த்தது. அதற்காகத் தையல்காரி அழுதாள், ஆத்திரத்திலும் அழுதாள். இரண்டும் சேர்ந்து தலையணை உறையில் ஒரு பொட்டு ஈரமாயிற்று.

மகள் பிழைத்து, தாயை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஓரடிகூட அதிகம் கட்டாமல் குடும்பத்தினருக்கு இடம் தந்த முதல் ஆஸ்பத்திரி என்று நிர்வாகத்துக்கு விருது கிடைத்தது. அடுத்த கட்டடத்துக்கான ஆலோசனைக் கூட்டத்துக்குத் தையல்காரிக்கு மறுபடி அழைப்பு வந்தது. மகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொண்டுபோய் மேசைமேல் இறக்கிவிட்டாள். அவளுடைய நாற்காலி இருந்த இடம் காலியாகக் கிடந்தது.

"இனிமே உங்களுக்கு அது தேவைப்படாதேன்னு எடுத்துட்டோம்மா," என்றார் அதிகாரி, அன்பாகத்தான்.

அவள் மேசைமேல் நின்றபடியே, கண்ணாடி வைத்த ஒரு ரூம் என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். எல்லோரும் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்து, கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.