பூரணம் தோய்த்த வேட்டி

மானிப்பாயில் கஜீபனின் ஸ்ரூடியோவுக்குப் போய், "தம்பி, கொஞ்சம் வெள்ளையா வரப் பண்ணும்" என்று கேட்டுப் பாருங்கள். அரைமணி நேரப் பிரசங்கம் நிச்சயம். விளக்குக்கு விளக்கு நிறம் வேறு என்பான். குண்டு பல்ப் மஞ்சள், மர நிழல் நீலம், ரியூப் லைற் பச்சை என்பான். மனுசக் கண் இதையெல்லாம் தானாகச் சரிக்கட்டிவிடும், கமராவுக்கு அந்தக் கெட்டித்தனம் கிடையாது, எது வெள்ளை என்று அதற்கு யாராவது காட்டிக்கொடுக்க வேண்டும் என்பான். அதற்கென்றே கொழும்பிலிருந்து எடுப்பித்த, வேறு நிறம் ஒரு பொட்டும் கலக்காத சாம்பல்நிற அட்டை ஒன்றை உங்கள் நாடிக்குக் கீழே பிடிப்பான். கலியாணப் பொம்பிளைக்கும் பிடிப்பான், பாஸ்போட் படத்துக்கு வந்த கிழவருக்கும் பிடிப்பான். வாசலில் வேறு 'உள்ள நிறம் உள்ளபடி' என்று பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறான். அதை வாசித்துவிட்டுப் பாதிப்பேர் அடுத்த ஸ்ரூடியோவுக்கு நடையைக் கட்டிவிடுகிறார்கள். உள்ள நிறத்தைப் பார்ப்பதற்கு அவர்கள் வீட்டிலேயே கண்ணாடி இருக்கிறதே.

இப்படிப்பட்டவனுக்கு முப்பத்தாறு வயதாகியும் கலியாணம் சரிவரவில்லை. நாலு பேச்சு வந்து நாலும் குழம்பிப்போயின. ஒரு வீட்டுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை வேண்டுமாம். இன்னொரு வீட்டுக்கு அரசாங்க உத்தியோகம். மற்ற இரண்டு வீட்டாரும் காரணமே சொல்லவில்லை, அதுதான் கூட வலித்தது. "எனக்கென்ன, தனிச்சு இருந்தால் நிம்மதி" என்று வெளியே சொல்லிக்கொண்டு திரிந்தானே தவிர, அடுத்தவன் கலியாணத்தில் தாலிகட்டைப் படமெடுக்கும்போது கமராவுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொள்வான். அதை ஃபிளாஷ் வெளிச்சத்தில் யாரும் கவனிப்பதில்லை.

ஐந்தாவது பேச்சைத் தரகர் சிவசுப்பிரமணியத்தார் கொண்டுவந்தார். அரியாலைப் பிள்ளை, பெயர் தனுசியா, யாழ்ப்பாண ரவுணில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. குறிப்புப் பொருத்தம் எழுபத்தெட்டு வீதம். கூடவே ஒரு படமும் வந்தது. படமா அது? எடுத்தவன் பிள்ளையின் முகத்தில் ஒரு பை மாவைக் கொட்டியிருந்தான். கஜீபனுக்குப் பத்திக்கொண்டு வந்தது. கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தான். பிள்ளைக்குப் பின்னால் ஒரு சீமெந்துத் தூண் நின்றது. சீமெந்துக்குச் சொந்த நிறம் கிடையாது, நல்ல சாம்பல். அந்தத் தூணைச் சாம்பலாக்கி, முகத்தில் ஏற்றியிருந்த வெளிச்சத்தையும் இறக்கினான். மாவுக்கு உள்ளேயிருந்து பொதுநிறத்துக்கு ஒரு படி குறைந்த, உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்போடு நிற்கிற ஒருத்தி வெளியே வந்தாள். அன்றைக்கு அவன் ஸ்ரூடியோவை ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் பூட்டினான்.

இந்தப் பேச்சு மட்டும் குழம்பக்கூடாது என்று அவன் முதல்முறையாக மனதுக்குள் கும்பிட்டான்.

அங்கிருந்து மாப்பிள்ளையின் படம் கேட்டார்கள். நாலு பேரைப் போல இன்னொரு ஸ்ரூடியோவுக்குப் போயிருக்கலாம். மாட்டானாம், தன்னை உள்ளபடி எடுக்கத் தனக்குத்தான் தெரியுமாம். கமராவை முக்காலித் தாங்கியில் பூட்டி, விளக்குகளைச் சரிக்கட்டி, சாம்பல் அட்டையைத் தேடினால் அட்டையைக் காணவில்லை. குருநகர் எமில்ராஜ் கோயிற் கலியாணம் ஒன்றுக்கென்று இரவல் வாங்கிப்போய் இரண்டு கிழமை. எமில்ராஜும் படக்காரன்தான், வாங்கினால் திருப்பித் தராத வகைப் படக்காரன்.

"அம்மா, நல்ல வெள்ளை வேட்டி ஒண்டு தாங்கோ" என்றான் கஜீபன். ஸ்ரூடியோவுக்குப் பின்னால்தான் வீடு.

வெள்ளை என்று சொன்னால் அந்த ஒழுங்கையில் தாய் பூரணத்தை அடிக்க ஆளில்லை. அவள் தோய்த்துக் கொடியில் போட்ட வேட்டியைப் பார்த்துச் சைக்கிளை நிப்பாட்டினவர்கள் இருக்கிறார்கள். தோய்த்து, அலசி, கடைசித் தண்ணீரில் நீலம் கலந்து முக்கி எடுப்பாள். மற்றவர்கள் நாலு சொட்டு விட்டால் அவள் பத்துச் சொட்டு விடுவாள். அப்படி முக்கின வேட்டிகளில் ஒன்றை மகன் உடுத்துக்கொண்டான், இன்னொன்றை நாலாக மடித்து விளக்குக்கு முன்னால் பிடித்து, "இதுதான் வெள்ளை" என்று கமராவுக்குக் காட்டிக்கொடுத்தான். கமரா நம்பியது.

படம் வந்தது. கஜீபன் முதலில் வேட்டியைப் பார்த்தான். பால் வெள்ளை, ஒரு பொட்டுக் கலப்பில்லை. வேட்டி வெள்ளையென்றால் மற்றதெல்லாம் சரியென்பது அவனுடைய சாத்திரம். பிறகு முகத்தைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து எந்தப் படத்திலும் இவ்வளவு வடிவாக அவன் இருந்ததில்லை. தங்கம் தடவின மாதிரி ஒரு மினுக்கம். வேறு யாருடைய முகமாவது அப்படி வந்திருந்தால் உடனே சந்தேகப்பட்டிருப்பான். தன்னுடைய முகமென்றபடியால், உள்ள அழகு இவ்வளவு காலமும் வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது என்று முடிவுகட்டி, படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான்.

மூன்றாம் நாள் சிவசுப்பிரமணியத்தார் மோட்டார்ச் சைக்கிளில் வந்து இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றாமலே இருந்தார்.

"தம்பி, குறையா நினைக்கக் கூடாது. படத்தைப் பார்த்த உடனை அந்தப் பிள்ளை கேட்டதாம், மாப்பிளைக்குச் செங்கமாரியோ, மஞ்சட் காமாலையோ எண்டு. கண் வெள்ளையெல்லாம் மஞ்சளாக் கிடக்குதாம். அது இரத்தம் பாக்கிற பிள்ளை, அதுக்குத் தெரியும்தானே. தான் வேலை செய்யிற இடத்திலையே வந்து ஒருக்கா இரத்தம் குடுத்துட்டுப் போகட்டாம். பேந்து மிச்சம் கதைக்கலாமாம்."

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை ஐயா."

"படத்திலை கிடக்கே."

கஜீபன் உள்ளே போய்க் கண்ணாடியில் கண்ணை இழுத்துப் பார்த்தான். குளியலறையில் குண்டு பல்ப், எல்லாமே மஞ்சளாகத் தெரிந்தது. முற்றத்துக்கு வந்து பார்த்தான், மாமர நிழலில் எல்லாமே நீலம். விளக்கைப் பற்றி ஊருக்கெல்லாம் படிப்பித்தவனுக்குத் தன் கண் என்ன நிறமென்று தெரியவில்லை.

பூரணத்துக்கு இந்தக் குழப்பமே இல்லை. அடுத்தநாள் விடியவே செங்கமாரிக்குக் கைமருந்தென்று கீழ்க்காய்நெல்லியை அரைத்துப் பாலில் கலந்து கொண்டுவந்து நீட்டினாள். பொரியல், முட்டை எல்லாம் நிப்பாட்டு.

"அம்மா, என்னை நாள் முழுக்கப் பாக்கிறியள். நான் மஞ்சளாவோ இருக்கிறன்?"

"எனக்குத் தெரியேல்லைத்தான் தம்பி. ஆனா என்ரை கண் பொய் சொல்லும், படம் பொய் சொல்லாது எண்டு நீதானே ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறாய். குடி."

குடித்தான். கசப்பு உச்சந்தலைக்கு ஏறியது. குடித்துவிட்டு ரவுணுக்கு பஸ் ஏறினான்.

ஆய்வுகூடத்தில் அவள்தான் இருந்தாள். வெள்ளை மேலங்கி, கையில் ரப்பர் கையுறை. கஜீபன் நிமிர்ந்து பார்த்தவுடன் நினைத்தது, சத்தியமாக, இதுதான்: நிறத்தை நான் சரியாகத்தான் திருத்தியிருக்கிறேன். சீமெந்துத் தூண் ஏமாற்றவில்லை. உதட்டோரச் சிரிப்பும் அப்படியே இருந்தது.

"கையை நீட்டுங்கோ" என்றாள் தனுசியா. "சாப்பிட்டனீங்களோ?"

"கீழ்க்காய்நெல்லி குடிச்சனான்."

அவள் ஒருமுறை அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையில் நாடாவைக் கட்டினாள். ஊசியைக் கண்டவுடன் இவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். எங்கெங்கே படமெடுக்கப் போவீர்கள், கோயில் திருவிழாவுக்குப் போவீர்களா, எத்தனை மணிக்குக் கடை பூட்டுவீர்கள் என்று அவள் ஏதேதோ கேட்டாள். இவனும் கண்ணை மூடியபடியே பதில் சொன்னான். ஒரு குழாய் நிரம்பியது, இரண்டாவதும் நிரம்பியது. "நாளைக்குப் பின்னேரம் வந்து றிப்போர்ட்டை எடுங்கோ" என்றாள்.

அடுத்தநாள் காலையில் எமில்ராஜ் சாம்பல் அட்டையோடு வந்து சேர்ந்தான். கொம்பியூட்டரில் கிடந்த மாப்பிள்ளைப் படத்தைக் கண்டு கிட்டப் போனான்.

"என்ன மச்சான், மஞ்சள் பூசிக் குளிச்சனியோ?"

"வேட்டியைப் பார். வெள்ளைதானே."

"வேட்டி வெள்ளை. ஆள் மாம்பழம்."

கஜீபன் அதே விளக்கைப் போட்டான், அட்டையையும் மடித்த வேட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான், அட்டையைக் காட்டிக்கொடுத்து ஒரு படம் எடுத்தான். அட்டை சாம்பலாக வந்தது. தாயின் வேட்டி மெல்லிய வானநீலமாக வந்தது.

இவ்வளவுதான் விசயம். நீலம் முக்கின துணி எங்கள் கண்ணுக்குப் பளீரென்ற வெள்ளை. கமராவுக்கு அது நீலம். நீலத்தைக் கொண்டுபோய் இதுதான் வெள்ளை என்று சொன்னால், அது பாவம், அந்த நீலத்தைச் சரிக்கட்ட மஞ்சளை அள்ளிப் போடும். அதனால் வேட்டி வெள்ளையானது, உடுத்தவனுக்குச் செங்கமாரி வந்தது.

"சரி, இப்ப என்ன செய்யப் போறாய்?" என்றான் எமில்ராஜ்.

"உண்மையைச் சொல்லுறதுதான்."

"விசரோ உனக்கு? செங்கமாரி வந்து மாறிட்டுது எண்டு சொல்லு. வருத்தம் வந்து மாறுறது ஒரு குற்றமில்லை. ஆனா உள்ள நிறம் உள்ளபடி எண்டு போட் தொங்கவிட்டவன், தன்ரை மூஞ்சையையே மாறி எடுத்தவன் எண்டால் ஆர் மதிப்பினம்? அந்தப் பிள்ளையே சிரிக்கும்."

கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்ட பூரணம் உள்ளே வந்தாள். திரையில் நீலமாகக் கிடந்த தன் வேட்டியைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"நாப்பது வருசமாத் தோய்க்கிறன். ஒருத்தர் ஒரு சொல்லுச் சொன்னதில்லை. நீ போய் அந்த வீட்டிலை என்ரை வேட்டி வெள்ளையில்லை எண்டு சொல்லப் போறியோ? எமில்ராஜ் தம்பி சொல்லுறதுதான் சரி. செங்கமாரி எண்டே இருக்கட்டும்."

மகனுக்கு வருத்தம் என்று ஊர் சொன்னால் பரவாயில்லையாம், வேட்டியில் குறை சொல்லக்கூடாதாம். கஜீபனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பஸ்ஸில் போகும்போது இரண்டு பேர் சொன்னதையும் திருப்பித் திருப்பி யோசித்தான். செங்கமாரி என்றால் ஒரு வரியில் முடிந்துவிடும், அவள் நம்புவாள், கண்டுபிடித்தவளும் அவள்தான், பெருமைப்படக்கூடச் செய்வாள். உண்மையைச் சொன்னால், தொழிலே தெரியாதவன் என்று ஐந்தாவது பேச்சும் போகும். வண்ணார்பண்ணையில் இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூடப் பார்த்தான். ஆனால் இறங்கவில்லை.

ஆய்வுகூடத்தில் பின்னேரம் கூட்டம். தனுசியா அவனைக் கண்டு இரத்தம் எடுக்கிற கதிரையில் இருக்கச் சொன்னாள். மேசை லாச்சியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து நீட்டினாள்.

"எல்லாம் நோர்மல். செங்கமாரியைக் காட்டுற பிலிருபின் சரியாத்தான் இருக்கு. முந்தி ஏதும் செங்கமாரி வந்து மாறினதோ?"

அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். "ஓம்" என்று ஒரு சொல் போதும். கஜீபன் வாயைத் திறந்தான்.

"இல்லை. எனக்கு ஒரு நாளும் செங்கமாரி வரேல்லை. படம்தான் பிழை. நான்தான் எடுத்தனான், நான்தான் பிழைவிட்டனான். அம்மா வேட்டிக்கு அளவுக்கு மிஞ்சி நீலம் போடுறவ. அதை வெள்ளை எண்டு கமராவுக்குக் காட்டிப்போட்டன். முகம் மினுங்கினபடியால் எனக்குச் சந்தேகமும் வரேல்லை. வந்திருக்க வேணும், வரேல்லை. வடிவா இருக்கிறன் எண்டு நினைச்சு அனுப்பிட்டன்."

கடைசி வசனத்தைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

"தெரியும்" என்றாள் தனுசியா.

"என்ன தெரியும்?"

"நேத்து நீங்கள் வாசலாலை வரேக்கையே தெரியும். வெளிச்சத்திலை கண்ணைப் பாத்தனான், நல்ல வெள்ளை. செங்கமாரிக்காரரை ஒரு நாளைக்குப் பத்துப் பேரைப் பாக்கிறனான்."

"அப்ப ஏன் ரெண்டு குழாய் இரத்தம் எடுத்தனீங்கள்?"

அவள் கையுறையைக் கழற்றினாள். "பொம்பிளை பாக்க எண்டு எங்கடை வீட்டுக்கு வந்தால் சுத்திவரப் பதினைஞ்சு பேர் இருப்பினம். தேத்தண்ணித் தட்டோடை வந்து நிண்டால் எனக்கு உங்கடை செருப்புத்தான் தெரியும். இஞ்சை பத்து நிமிசம் கிட்ட இருந்து கதைக்கலாம். ஒரு குழாய்க்கு நேரம் காணாது."

கஜீபன் சட்டைக் கையை முழங்கைவரை இறக்கி, மறுபடி ஏற்றினான்.

"இப்ப கேட்டதுக்கு, ஓம், செங்கமாரி வந்து மாறினது எண்டு சொல்லியிருந்தியள் எண்டால், றிப்போர்ட்டைத் தந்து அனுப்பியிருப்பன்" என்றாள். "நேத்துக் கதைச்சு நல்ல ஆள் எண்டு நினைச்சிருந்தும் பேச்சை முறிச்சிருப்பன்."

அவன் கேட்கப் பயந்தும் கேட்டான். "சரியா ஒரு படம் எடுத்து இண்டைக்கே அனுப்பட்டோ? வீட்டிலை காட்டத் தேவைப்படும்தானே."

"தேவையில்லை. காலமை தரகரிட்டைச் சொல்லிட்டன், இனிப் படம் ஒண்டும் கொண்டுவர வேண்டாம், எனக்கு இந்த ஆளே போதும் எண்டு."

வெளியே வாங்கில் ஏழெட்டுப் பேர் சட்டைக் கையைச் சுருட்டியபடி காத்திருந்தார்கள். தனுசியா புதுக் கையுறையைப் போட்டுக்கொண்டு, "எழும்புங்கோ, அடுத்த ஆளைக் கூப்பிட வேணும்" என்றாள். கஜீபன் தலையை ஆட்டினானே தவிர, கதிரையைவிட்டு எழும்பவில்லை.