இருநூற்றுப் பன்னிரண்டாம் கேள்வி

கலைமகளுக்கு அறுநூற்று நாற்பது கேள்விகள் மனப்பாடம். எண்ணைச் சொன்னால் கேள்வியைச் சொல்வாள். கேள்வியைத் தொடங்கினால், முடிப்பதற்குள் விடை எந்த எழுத்து என்று சொல்லிவிடுவாள். கம்ப்யூட்டர் நெட்வொர்க் சான்றிதழ் பரீட்சைக்கென்று மன்னார்குடிப் பயிற்சி மையத்தில் கொடுத்த தொகுப்பு அது. ஐந்து மாதத்தில் அதைக் கரைத்துக் குடித்துவிட்டாள். அந்தக் கேள்விகளெல்லாம் எந்தச் சாமானைப் பற்றியவையோ, அதை மட்டும் உயிரோடு பார்த்ததில்லை.

மையத்தில் முப்பது பேருக்கு ஒரே ஒரு ரூட்டர் இருந்தது. அதுவும் எந்தக் காலத்திலோ செத்துப்போனது. கடைசி வகுப்பில் சார் அதை மேசைமேல் வைத்து, "எல்லாரும் ஒருதரம் தொட்டுப் பாத்துக்கங்க" என்றார். தீபாராதனைத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது போல் வரிசையாக வந்து தொட்டுவிட்டுப் போனார்கள். அதோடு செய்முறைப் பயிற்சி முடிந்தது. வீட்டிலாவது பழகலாம் என்றால், பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி அந்த மென்பொருளைத் திறந்ததுமே உறைந்து நின்றுவிடும்.

கணிதப் பட்டம் வாங்கிவிட்டு இரண்டரை வருடமாக வீட்டில் இருப்பவள் அவள். ஊர் வாய் சும்மா இருக்குமா? இந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு கம்பெனி, சான்றிதழ் மட்டும் வந்துவிட்டால் திங்கட்கிழமையே வந்து சேரலாம் என்று சொல்லியிருந்தது. பரீட்சை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தஞ்சாவூரில். வியாழக்கிழமை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தோற்றுவிடுவோமோ என்ற பயம் ஒரு பக்கம். ஜெயித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அதைவிடப் பெரியது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

பதினோரு மணி இருக்கும். அப்பா தியாகேசன் டி.வி.எஸ். வண்டியை வாசலில் நிறுத்தாமலே கூப்பிட்டார்.

"கலை, கெளம்பு. சென்டருல நெட்டு நின்னுபோச்சு."

சென்டர் என்றால் நெல் கொள்முதல் நிலையம். தியாகேசன் மூன்று ஏக்கர் குத்தகை நிலத்தில் அறுத்த குறுவை நெல் அங்கே களத்தில் ஒன்பது நாளாகக் கிடந்தது. இன்றைக்குத்தான் அவருடைய முறை. விரல் ரேகை வைத்தால்தான் நெல்லை எடுப்பார்கள். ரேகை மெஷினுக்கு நெட் வேண்டும். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"ஆளு வர சாயங்காலம் ஆவுமாம். எம் பொண்ணு இதைத்தான் படிக்குது, இப்ப கூட்டியாந்துடுறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அப்பா, நான் படிக்கிறது வேறப்பா."

"நெட்டுதானே?"

"நெட்டுதான். ஆனா..."

அம்மா ஆனந்தவல்லி அடுப்படியிலிருந்து வந்தாள். "நாளைக்குப் பரீட்சையை வச்சிக்கிட்டு புள்ளைய எங்கங்க இழுக்குறீங்க?"

"ஒரு நிமிசம் பாத்துட்டு வந்துரட்டும். நாப்பது பேரு நெல்லு வெளில கெடக்கு ஆனந்தவல்லி. மழை வந்தா அம்புட்டும் போச்சு."

எனக்குத் தெரியாது என்று கலைமகள் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஐந்து மாதமாக டீக்கடை, உரக்கடை, கல்யாண வீடு என்று ஒரு இடம் விடாமல் மகள் படிப்பைச் சொல்லிச் சொல்லிப் பூரித்த மனிதரிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நாக்கு எழவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

களத்தில் நின்றவர்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். பக்கத்துக் குவியலுக்குக் காவலிருந்த கண்ணாத்தாள், "வாம்மா, நல்ல நேரத்துக்கு வந்த" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நெல்லுக்குப் பட்டியல் போடும் எழுத்தர் அவர்களை அறைக்குள் கூட்டிப்போய் மேசைக்கு அடியில் இருந்த பெட்டியைக் காட்டிவிட்டு, சிக்னல் தேடிப் போனைத் தூக்கிக்கொண்டு மதகுப் பக்கம் போனார். அறையில் அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

எட்டுத் துளை வைத்த சின்னப் பெட்டி. நெட் ஒயர்களை ஒன்றுசேர்க்கும் ஸ்விட்ச். படத்தில் எத்தனையோ முறை பார்த்ததுதான். படத்தில் சுத்தமாக இருந்தது. இங்கே நெல் தூசியும் ஒட்டடையுமாக, ஒயர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது அவளுக்கு. முதலில் இணைப்புகளைச் சரிபார்க்கவும் என்று புத்தகம் சொல்லும். அப்பா போன் வெளிச்சத்தைப் பிடித்தார். ஒரு ஒயரின் முனை எதிலும் செருகாமல் தொங்கியது.

இதுதான்! அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காலியாக இருந்த துளையில் அதைச் செருகினாள். டிக்கென்று உட்கார்ந்தது. மறு நொடி பெட்டியிலிருந்த பச்சை விளக்குகள் எல்லாம் படபடவென்று மினுக்கத் தொடங்கின.

"வந்துருச்சா?"

"வந்துருச்சுப்பா. எல்லா லைட்டும் எரியுது."

தியாகேசன் மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

எழுத்தர் வந்தார். மெஷினைத் தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரில் மனப்பாடமான கட்டளை ஒன்றை அடித்தாள். வந்த பதிலுக்கு அர்த்தம் தெரியவில்லை. இன்னொன்றை அடித்தாள். பன்னிரண்டு மணிக்கு அவளிடம் இருந்த சரக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. ஜன்னல் வழியாக இருபது முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

"இங்க எல்லாம் சரியா இருக்குங்க. மெயின் லைன்லதான் ஏதோ கோளாறு" என்றாள். அது உண்மையா பொய்யா என்று சொன்னவளுக்கே தெரியாது. படித்த பெண் சொன்னதால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

இரண்டரைக்கு மழை பிடித்தது. மழையா அது! இருந்த தார்ப்பாய்கள் பாதிக் குவியலுக்குக்கூடப் போதவில்லை. அவளும் இறங்கி இழுத்தாள், செங்கல் தூக்கி வைத்தாள், கையால் வாய்க்கால் வெட்டினாள். மேலே மூடினால் தண்ணீர் அடியில் புகுந்தது. தியாகேசனின் நெல் களத்தின் பள்ளமான மூலையில் இருந்தது. அவர் கணுக்கால் அளவுத் தண்ணீரில் குவியலைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க முடியாமல் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு, மழை விட்ட பிறகு, திருத்துறைப்பூண்டியிலிருந்து நெட் கம்பெனி ஆள் வந்தான். ஷஹ்பாஸ் என்று பேர். அவள் வயதுதான் இருக்கும். பெட்டியைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினான். விரலால் ஒரு ஒயரைத் தடவிக்கொண்டே போய் வெடுக்கென்று பிடுங்கினான். விளக்குகள் அடங்கின. எழுத்தர் மெஷினைத் தட்ட, அது ரேகை கேட்டது. நனைந்த கையைத் துடைக்கக்கூட அவன் அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

"வெளி லைன்ல இருந்த கோளாறு பதினொன்னரைக்கே சரியாயிருச்சுங்களே. ஒரே ஒயரோட ரெண்டு முனையையும் ஒரே பெட்டியில சொருகி வச்சிருக்கீங்க. அது உள்ளுக்குள்ளயே சுத்திச் சுத்தி மூச்சு முட்டிக் கெடக்கு. யாருங்க சொருகுனது?"

இருநூற்றுப் பன்னிரண்டாம் கேள்வி. ஒரே ஸ்விட்சின் இரண்டு துளைகளை ஒரே கேபிளால் இணைத்தால் என்ன நேரும்? விடை, இ. ஒருநாளும் அவள் அதைத் தப்பாகச் சொன்னதில்லை. அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், அடையாளம் தெரியவில்லை. விளக்கு மினுக்கியதற்குச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்! பூமி பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. வாயைத் திறந்தாள்.

"நான்தாங்க" என்றார் தியாகேசன்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"பாப்பா பாத்துட்டு வெளில போன பொறவு, தொங்கிக்கிட்டு கெடந்துச்சேன்னு நான்தான் சொருகிப்புட்டேன்."

அப்புறம் யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று எழுதுவதற்கில்லை. அப்பன், ஆத்தாள் எல்லாரையும் இழுத்தார்கள். கண்ணாத்தாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "அந்தப் புள்ள சரியா பண்ணி வச்சதக் கெடுத்துட்டியேய்யா தியாகேசா! ஒனக்கு என்ன தெரியும்னு கை வச்ச? எங்க வவுத்துலல்லய்யா அடிச்சிருக்க!" அவர் துண்டை முறுக்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். அவருடைய நெல்லும் அதே தண்ணீரில்தான் கிடந்தது என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

ஒரு வார்த்தை போதும். இல்லை, நான்தான் என்று ஒரு வார்த்தை. கலைமகள் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு எந்த முகத்தோடு பஸ் ஏறுவது, சென்னைக்கு என்ன சொல்வது என்று அந்த நேரத்திலும் அவள் மனசு கணக்குப் போட்டது. போட்ட கணக்கை நினைத்தால் அவளுக்குத் தன்மேலேயே குமட்டியது.

வீடு திரும்பும்போது, வாய்க்கால் பாலம் தாண்டியதும் அப்பா பின்னால் பார்க்காமலே சொன்னார்: "காலையில அஞ்சே முக்கால் பஸ்ஸ விட்டுறாதம்மா."

பரீட்சைக் கூடம் குளுகுளுவென்று இருந்தது. திரையில் வந்த கேள்விகளில் முக்கால்வாசி அவளுக்குத் தெரிந்த கேள்விகள், சொல்கூட மாறவில்லை. விரல் தானாகப் போய் விடையைத் தட்டியது. இருநூற்றுப் பன்னிரண்டு எப்போது வரும் என்று பயந்துகொண்டே இருந்தாள். வரவேயில்லை. நேரம் முடிவதற்கு முன்பே முடித்துவிட்டாள். திரை ஒரு கணம் யோசித்து, தேர்ச்சி என்றது. தோற்றிருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும் என்று நினைத்து, அங்கேயே, கண்காணிப்பாளர் பார்க்க, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னார்.

மதிப்பெண் தாளை மடித்துக்கொண்டு புதிய பேருந்து நிலையத்துக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். நெல்லை மண்வெட்டியால் புரட்டும் சத்தம் கேட்டது.

"பாஸ்ப்பா."

"பாஸா?" என்றவர், போனை விலக்கிக் களத்துக்கே கேட்கும்படி கத்தினார். "எம் பொண்ணு பாஸு!" யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. தூரத்தில் கண்ணாத்தாள் குரல் மட்டும், அடி நெல்லு ஊறிப் போச்சு, ரெண்டு நாள்ல மொளைச்சிரும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது.

மண்வெட்டிச் சத்தம் நின்றது. அவர் ஓரமாக நகர்ந்து வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கலை, இனிமே அந்தப் பொட்டியப் பாத்தா எது சரி, எது தப்புன்னு தெரியும்ல ஒனக்கு?"

அவள் மடித்த தாளைப் பார்த்தாள்.

"தெரியும்ப்பா."

"அது போதும்மா" என்றார் தியாகேசன்.

மன்னார்குடி பஸ் வந்து நின்றது. ஊரில் எந்த முகத்தோடு போய் இறங்குவது என்று தயங்கி அவள் ஏறவில்லை. திங்கட்கிழமை காலையில் சென்னையில் அவளை எந்தப் பெட்டிக்கு முன்னால் நிறுத்துவார்களோ தெரியாது. அங்கே நான்தாங்க என்று சொல்ல அப்பா இருக்க மாட்டார்.