கல்யாணக் களை

ஆவணியிலிருந்து ஸ்ரீரங்கமே என் கன்னத்தைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தது. பூக்கடைக்காரி, எதிர்வீட்டு மாமி, பேங்கில் என் பக்கத்து சீட்டுக்காரி, எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். தை மாதம் கல்யாணம், கமலினிக்கு இப்போதே கல்யாணக் களை வந்துவிட்டது என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். களையாவது ஒன்றாவது. ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் ஊதியிருந்தது, அவ்வளவுதான். கையும் காலும் குச்சியாகிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. முழுக்கைச் சட்டை இல்லாமல் அம்மா என்னை வாசல் தாண்ட விடுவதில்லை.

எனக்கு வந்திருப்பது க்ரோன்ஸ் என்கிற குடல் நோய். சிறுகுடல் போய்ப் பெருங்குடலில் சேருகிற இடத்தில் புண் வந்து, ஆறி, மறுபடி வந்து, தழும்பேறிக் குழாய் சுருங்கிவிட்டது. தயிர்சாதம்கூட அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் வயிறு முறுக்கிக்கொண்டு வரும். முதலில் காசநோயாக இருக்கலாம் என்று மாதக்கணக்கில் அதற்கு மாத்திரை சாப்பிட்டேன். பிறகுதான் கண்டோன்மெண்டில் இருக்கும் டாக்டர் நஸ்ருல்லா, குடல் நோய்களை மட்டும் பார்ப்பவர், இதன் பேரைக் கண்டுபிடித்தார். கண்டோன்மெண்டைத் தேர்ந்தெடுத்தது அம்மா. அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்து மனுஷர்கள் வரமாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

அம்மாவின் பெயர் அரவிந்தவல்லி. நோயின் பேரைக் கேட்ட அன்றே அவள் டாக்டரிடம் வழக்காடினாள். வெங்காயம், பூண்டுகூட சேர்க்காத வீட்டில் இந்த வெள்ளைக்காரன் வியாதி எப்படி வரும் என்று கேட்டாள். அவர் பொறுமையாக, யாருக்கு வேண்டுமானாலும் வரும் என்றார். அம்மா அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. வீட்டில் அதன் பேரைச் சொல்லக்கூடாது. சொல்லியே ஆகவேண்டுமென்றால் 'அது'.

ஐப்பசியில் நஸ்ருல்லா ஆபரேஷன் தேவைப்படும் என்று சொல்லிவிட்டார். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்த பிறகு செய்துகொள்வது நல்லது, ஆனால் தள்ளிப்போடக்கூடாது என்றார். எங்கே செய்துகொள்வது என்று அப்பா கேட்டதற்கு, தஞ்சாவூர் ரோட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் பெலிண்டாவின் நம்பரைக் கொடுத்தார். அந்த லேடி டாக்டர் குடல் ஆபரேஷன் மட்டுமே செய்கிறவர். சாதாரண சர்ஜன் யாராவது இதைச் செய்யக்கூடாதா என்று அம்மா கேட்டாள்.

"குடலை வெட்டித் தைக்க நிறைய பேருக்குத் தெரியும்மா. இந்த நோய்ல எதை வெட்டாம விடணும்னு தெரியணும். இது திரும்ப வரக்கூடிய நோய். இன்னைக்கு தாராளமா வெட்டிட்டா, நாளைக்கு இவங்களுக்குக் குடல் மிச்சம் வேணுமில்ல?"

சில சமயம் சுருங்கிய இடத்தை எடுக்காமலே கீறி அகலமாக்கித் தைத்துவிடலாம் என்றும் சொன்னார். சில சமயம், தையல் ஆறும்வரை கொஞ்ச நாள் வயிற்றில் பை வைக்க வேண்டியிருக்கலாம் என்றும் சொன்னார். அம்மாவின் காதில் விழுந்தது அந்தப் பை மட்டும்தான். தை மாதம் கூறைப்புடவைக்குள் மலப்பையா என்று வீடு வரும்வரை அழுதாள். பெலிண்டாவின் நம்பரை நான் போனில் பதிந்துவைத்தேன். அது அங்கேயே கிடந்தது.

எங்கள் வீட்டில் யார் வயிற்றைத் திறந்தாலும் டாக்டர் சௌரிராஜன் மாமாதான் திறப்பார். அப்பாவின் குடலிறக்கம், அத்தையின் பித்தப்பை, அம்மாவின் கர்ப்பப்பை எல்லாம் அவர் கைபட்டவை. தில்லை நகரில் சின்ன நர்சிங் ஹோம், குடியிருப்பது எங்களுக்கு அடுத்த வீதி. நல்ல கைராசி, நல்ல மனுஷர். அதிலெல்லாம் எனக்குக் குறை இல்லை. ஆனால் எனக்குப் பார்த்திருக்கும் பையன் அவர் சம்சாரம் பானுமதி மாமியின் தம்பி பிள்ளை. ஜாதகத்தை இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் எடுத்துப்போய் முடித்துவைத்ததே மாமாவும் மாமியும்தான்.

ஆகவே 'அது' அவருக்குத் தெரியவே கூடாது. அவரைவிட்டு வேறு சர்ஜனிடமும் போகக்கூடாது. போனால் ஏன் என்று கேட்பார். வைத்தியரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற என் அம்மா, ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பதையும் நம்புகிறவள். இரண்டும் மோதிக்கொண்டபோது கல்யாணம் ஜெயித்தது. வயிற்றைத் திறக்கப்போகிறவரிடமே வயிற்றில் என்ன இருக்கிறது என்று மறைக்கும் புத்தி வேறு யாருக்கு வரும்? அப்பா மதுசூதன் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டினார். அப்பெண்டிக்ஸ் என்று சொல்லிக்கொள்வதாக முடிவாயிற்று.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை வலி வந்தது, நிற்கவில்லை. வயிறு பானையாக உப்பிக்கொண்டது, தண்ணீர் குடித்தாலும் வாந்தி. என்னைத் தில்லை நகரில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். மாமா வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, டிரிப்ஸ் ஏற்றினார். மறுநாளே வாந்தி நின்று வலி மட்டுப்பட்டது, குழாயையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அவர் முகம் தெளியவில்லை. கட்டி மாதிரி கைக்குத் தட்டுகிறது, அப்பெண்டிக்ஸ் மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது, வேறு எங்கேயாவது காட்டினீர்களா என்று கேட்டார். அம்மா கண் இமைக்காமல் இல்லை என்றாள். சரி, நாளைக் காலையில் திறந்து பார்த்துவிடலாம் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பயத்தைப் போக்குவதற்காக ஒரு வார்த்தையும் சொன்னார்.

"குடல் ஒட்டிண்டிருந்தா ஒரு முழம் எடுத்துட்டுத் தச்சுடுவேன். குடலுக்கென்னடி கொழந்தே, இருபது அடி இருக்கு."

ஒரு முழம். நஸ்ருல்லா அங்குலக் கணக்கில் பேசியவர். இவர் தெரியாமல்தான் சொல்கிறார், தெரியாமல் வைத்திருப்பது நாங்கள்தான். இன்னொரு பயமும் இருந்தது. வாந்தியில் மாத்திரை தங்கவில்லை, அப்புறம் கொடுக்கவும் இல்லை. மாத்திரை டப்பா அம்மாவின் கைப்பைக்குள் இருந்தது, ஜிப் இழுத்துவிடப்பட்டிருந்தது. திடீரென்று நிறுத்தினால் உடம்பு தளர்ந்து உயிருக்கே ஆபத்தாகும், ஆபரேஷன் செய்கிறவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும் என்று நஸ்ருல்லா திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். தலையைத் தூக்கினால் அறை சுற்றியது. சாவு வந்தால் இப்படித்தான், சொந்தக்காரர்கள் சூழ, எல்லோரும் நல்லவர்களாக இருக்கும்போது வரும் என்று தோன்றியது.

அம்மாவிடம் கெஞ்சினேன். அவள் குனிந்து, காதோடு பேசினாள்.

"திறந்தா அவருக்கே தெரிஞ்சுட்டுப் போறது. அப்பறம் அவரே வெளில சொல்லமாட்டார். நீ மட்டும் வாயைத் திறக்காதே."

அவளும் பயந்துதான் இருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் இன்னும் பயம்தான் வந்தது. பெரியவர்களும் பயப்படுகிறார்கள் என்றால் என்னைப் பிடித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

சாயங்காலம் மாமா ரவுண்ட்ஸ் வந்தபோது பானுமதி மாமியும் கூடவே வந்தாள். தாயார் சன்னதி மஞ்சள்காப்பைப் பொட்டலமாகக் கொண்டுவந்திருந்தாள். நெற்றியில் இட்டுவிட்டு, என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"பாருங்கோன்னா, ரெண்டு நாளா பட்டினி கிடக்கறா, கன்னம் இன்னும் அப்படியே இருக்கு. கல்யாணக் களைன்னா இதான்."

மாமா பார்த்தார். சிரிக்க ஆரம்பித்த வாய் பாதியில் நின்றுவிட்டது. கட்டிலுக்கு அருகே வந்து என் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே தள்ளினார். குச்சிக் கையைப் பார்த்தார், மறுபடி உருண்டை முகத்தைப் பார்த்தார். ஊரே ஆவணியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முகம் அது. அவரும் பார்த்துக்கொண்டிருந்ததுதான், கல்யாணப் பெண்ணாக.

என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டார். சத்து மாத்திரைதான் என்றாள் அம்மா. போர்வைக்கு மேலே அவள் கை என் முழங்காலை அழுத்தியது. மாமா அவள் பக்கம் திரும்பவில்லை.

"கமலினி, நீ சொல்லு."

மாமி பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தாள். தை மாதம், மண்டபம், பெங்களூரிலிருந்து போனில் பேசுகிற அந்தப் பையனின் குரல், எல்லாம் மாமியின் கையில்தான் இருந்தன. முழங்காலில் அம்மாவின் நகம் பதிந்தது. காலையில் திறக்கப்போகும் என் வயிற்றை நினைத்தேன்.

"ஸ்டீராய்டு மாமா. ஆவணிலேர்ந்து. எனக்கு க்ரோன்ஸ். ரெண்டு நாளா மாத்திரை போட்டுக்கலை."

மாமா முதலில் செய்தது கோபப்படுவதல்ல. நர்சைக் கூப்பிட்டு உடனே ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னார். அது என் கையில் ஏறி முடியும்வரை நாடியைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகுதான் கட்டிலில், என் காலடியில் உட்கார்ந்தார். மாமி பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனாள். செருப்புச் சத்தம் படியிறங்கும்வரை கேட்டது. அம்மா சுவரைப் பார்த்து அழுதாள். அப்பா கதவுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வரவில்லை.

"தெரியாம வெட்டித் தச்சிருந்தேன்னா," என்றார் மாமா, யாரையும் பார்க்காமல். "இந்த மாத்திரைல இருக்கற உடம்புல தையல் பிடிக்காம போயிருக்கலாம். உள்ளேயே பிரிஞ்சிருக்கும்." அம்மா ஏதோ சொல்ல வந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

எங்கள் பக்கத்தில் டாக்டரிடம், அதுவும் சொந்தமாகப்போகிற டாக்டரிடம், கேட்கக்கூடாத ஒரு கேள்வி உண்டு. இனிமேல் எனக்குக் கெட்டுப்போக என்ன மிச்சம் இருக்கிறது என்ற துணிச்சலில் அதைக் கேட்டேன்.

"மாமா, இந்த வியாதிக்கு எத்தனை பேருக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கேள்?"

அம்மாவின் அழுகைகூட நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"ரெண்டு பேருக்கு. ரெண்டுமே திறந்தப்பறம்தான் இன்னதுன்னு தெரிஞ்சுது. அதுல ஒருத்தர் நன்னா இருக்கார்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாரிடம் காட்டினீர்கள் என்று கேட்டார். நஸ்ருல்லாவையும் அவர் சொன்ன பெலிண்டாவையும் பற்றிச் சொன்னேன். காலையில் திறக்கப்போவதில்லை, குடல் அடைப்பு இப்போதைக்கு விட்டிருக்கிறது, நஸ்ருல்லாவிடம் தானே பேசுகிறேன் என்றார். நாளைக்கே பெலிண்டாவிடம் போங்கள் என்றார். வாசல்வரை போய்த் திரும்பிவந்து, எனக்கு மனசு சரியில்லை, ஆனால் நீ சொன்னது நல்லது என்று என் தலையில் கை வைத்தார்.

மறுநாள் காலை அப்பா ஸ்ரீரங்கத்திலிருந்து பீமராவின் டாக்சியைக் கூட்டிவந்தார். பீமராவ் ராஜகோபுரத்தடியில் வண்டி போடுகிறவர். அவர் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் நாலு சித்திரை வீதிக்கும் போய்விடும் என்பதால், அவர் வண்டியில் ஏறினால் அம்மா கோயில் பேச்சைத் தவிர எதுவும் பேசமாட்டாள். பின்சீட்டில் அவள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தேன். எனக்குப் பயம் குறைந்துவிடவில்லை. பெலிண்டாவும் கத்தியோடுதான் வரப்போகிறார். பை வைக்கலாம், வைக்காமலும் போகலாம், நோய் திரும்ப வரலாம். பானுமதி மாமியிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

பாலக்கரை தாண்டும்போது அம்மா குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"ஒருத்தர் நன்னா இருக்கார்னாரே. இன்னொருத்தர்?"

அவள் கண்ணைப் பார்த்தேன், அவளுக்கே தெரிந்திருந்தது. அந்த இன்னொருத்தரின் தலைமாட்டிலும் இப்படி ஓர் அம்மா உட்கார்ந்திருந்திருப்பாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் என் போனை வாங்கி, நம்பரைத் தானே தேடி, பெலிண்டாவின் ஆஸ்பத்திரிக்குப் போட்டாள். பேஷண்டை அழைத்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறோம் என்றாள். அந்தப் பக்கம் என்ன உடம்பு என்று கேட்டிருக்க வேண்டும். அம்மா முன்சீட்டைப் பார்த்தாள். பீமராவ் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"க்ரோன்ஸ்," என்றாள் அம்மா. லைனில் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னும் உரக்க, பீமராவுக்கு நன்றாகக் கேட்கும்படி, மறுபடியும் சொன்னாள்.