நான்காவது கட்டத்தில் ஒரு டிக்

1.

இந்தக் கதை ஒரு சுற்றறிக்கையில் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தெரியவந்து என்மேல் வருத்தப்படாதீர்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் உதவி நூலகர். பெயர் அமுதவல்லி. 'ஆய்வு உதவி' என்று பலகை மாட்டிய மேசைக்குப் பின்னால் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் சார்ஜர் சொருக இடம் எங்கே என்று கேட்பார்கள். மீதிப் பேர் பாத்ரூம் எங்கே என்று கேட்பார்கள். இரண்டுக்கும் தெளிவாக வழி சொல்லுவேன், இதுவரை ஒரு புகார் வந்ததில்லை.

போன வாரம் கல்லூரி முதல்வர் அனுப்பிய சுற்றறிக்கை இது: கல்லூரிக்குத் தரம் போடும் ஆய்வுக்குழு வருகிறது, ஒவ்வொரு துறையும் ஒரு 'வெற்றிக் கதை' தர வேண்டும், ஒரு பக்கத்துக்கு மிகாமல், படத்துடன். நூலகம் சந்தா கட்டி வைத்திருக்கும் சந்தைத் தகவல் தளத்தால் ஒரு மாணவராவது உருப்பட்டார் என்று காட்ட வேண்டும். நான் அவ்வப்போது பத்திரிகைகளுக்குக் கதை அனுப்புகிறவள் என்பது அவருக்குத் தெரியும். "உங்களுக்கென்ன மேடம், உக்காந்தா எழுதிருவீங்க" என்றார். உட்கார்ந்து நாலு நாள் ஆகிறது.

2.

முதல் தொடக்கம்: "நவீன நூலகம் என்பது புத்தகங்களின் கிடங்கல்ல, அது..." [அது என்ன என்று ஒரு டீ குடித்து முடிக்கும்வரை யோசித்தேன். கிடங்குதான். அடித்துவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: "அக்சிலியா ஒரு சாதாரண மாணவி." [படித்தால் அவள் சண்டைக்கு வருவாள்.]

மூன்றாம் தொடக்கம்: "அக்சிலியா ஓர் அசாதாரண மாணவி." [படித்தால் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள்.]

சரி, அலங்காரம் இல்லாமலே சொல்கிறேன். அக்சிலியா எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு, தினமும் கல்லூரி பஸ்ஸில் வந்து போகிறாள். அவளுடைய ஆய்வுத் தலைப்பு போர்வெல் போடும் ரிக் வண்டிகளைப் பற்றியது. டாக்சி கூப்பிடுகிற மாதிரி ரிக் வண்டியையும் செல்போன் ஆப்பில் கூப்பிடலாம் என்று வந்தால், வண்டி வைத்திருப்பவர்கள் அதில் சேருவார்களா, மாட்டார்களா? திருச்செங்கோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது. இங்கே எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு ரிக் வண்டி நின்றுகொண்டிருக்கும்.

3.

பதினோரு வருடத்தில் என்னிடம் ஆய்வுக்காக மட்டுமே உதவி கேட்டு வந்த எட்டாவது ஆள் அவள். எனக்கு ஒரே சந்தோஷம். நாற்காலியை இழுத்துப் போட்டு, தகவல் தளத்தைத் திறந்து, 'ரிக்' என்று தேடினோம். நானூறு அறிக்கைகள் கொட்டின.

"மேம், இது கடலுக்குள்ள எண்ணெய் எடுக்கற ரிக்."

"தெரியுது."

"நமக்கு எங்க மேம் கடல்?"

ஊர்ப் பெயரைப் போட்டேன். 'திருச்சிராப்பள்ளியைத் தேடுகிறீர்களா' என்று அது என்னையே திருப்பிக் கேட்டது. மானம் போயிற்று. உடனே குரலை மாற்றிக்கொண்டு, இருக்கிற தகவல் உதவாவிட்டால் நாமே போய்ச் சேகரிக்க வேண்டும், அதுதான் உண்மையான ஆய்வு என்று கால் மணி நேரம் பேசினேன். ஐந்து கட்டம் போட்ட கேள்வித்தாள் ஒன்றைத் தயார் செய்தோம். 'கண்டிப்பாகச் சேரமாட்டேன்' என்பது முதல் கட்டம். பிறகு 'சேரமாட்டேன்', 'தெரியாது'. நான்காவது கட்டம் 'சேருவேன்'. ஐந்தாவது 'கண்டிப்பாகச் சேருவேன்'.

மூன்று வாரம் அலைந்து நூற்று முப்பத்திரண்டு வண்டி உரிமையாளர்களைப் பார்த்துவிட்டு வந்தாள்.*

(* வெற்றிக் கதையில் இந்த இடத்தில் சூரியனைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அலைந்தது அவள், வர்ணித்தது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த நான். எடுத்துவிட்டேன்.)

முடிவு: எண்பத்தேழு சதவீதம் பேர் ஆப்பில் சேருவார்கள். கருத்தரங்க அறையில் வண்டி உரிமையாளர்கள் சிலரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, திரையில் பச்சை நிறத்தில் வட்டப்படம் காட்டினோம். கைதட்டல். கேசரி, போண்டா, காபி. சுற்றறிக்கைப்படி வெற்றிக் கதை இங்கே முடிந்துவிட வேண்டும்.

4.

முடியவில்லை. இங்கே நான் ஒரு பாத்திரத்தைச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. அக்சிலியாவை அல்ல, அந்த நூலகரை.

நேற்று சனிக்கிழமை. வெற்றிக் கதைக்குப் படம் எடுக்கலாமென்று அவளுடைய கேள்வித்தாள் கட்டைப் பிரித்தேன். பொறுப்பான பெண். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும், அந்த ஆள் வாயால் என்ன சொன்னார் என்பதைப் பென்சிலில் அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். முதல் தாள்: 'பாக்கலாங்க.' நான்காவது கட்டத்தில் டிக். இரண்டாவது தாள்: 'பாக்கலாங்க.' நான்காவது கட்டத்தில் டிக். மூன்றாவது தாள்: 'பாக்கலாங்க சாமி.' டிக். எண்ணிப் பார்த்தால் நூற்றொன்பது பேர் இதையே சொல்லியிருக்கிறார்கள்.

வெளியூர் வாசகர்களுக்காக விளக்குகிறேன். எங்கள் பக்கத்தில் தேடி வந்த மனிதரின் முகத்துக்கு நேராக 'வேண்டாம்' என்று சொல்லுவது மரியாதையில்லை. அதனால் 'பாக்கலாங்க' என்போம். என்னைப் பெண் கேட்டு வந்த ஆறு வீட்டுக்காரர்களிடம் என் அப்பா 'பாக்கலாங்க' என்றார். ஆறு வீட்டுக்காரர்களும் காபியைக் குடித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஒருவர்கூட மறுவாரம் வந்து "பாத்தீங்களா?" என்று கேட்கவில்லை. ஏழாவதாக வந்தவர்களிடம் அப்பா ஜாதகம் கேட்டார். அங்கேதான் இன்றைக்கு நான் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, நிஜமாகவே சேருகிறேன் என்றவர்கள் ஆறே பேர்.

இந்தப் பிழை எப்படி நேர்ந்தது? எழுதிப் பார்த்தேன்.

"சேலம் டவுனில் வளர்ந்த பெண்ணுக்குக் கொங்குப் பேச்சின் நுணுக்கம்..." [பாதி உண்மை. அடித்துவிட்டேன்.]

"சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிய அவசரத்தில் அக்சிலியா..." [பச்சைப் பொய். அடித்துவிட்டேன்.]

நடந்தது இதுதான். அவள் முதல் நாளே தாள்களோடு என் மேசைக்கு வந்தாள்.

"மேம், நிறையப் பேர் 'பாக்கலாங்க'ன்னு சொல்றாங்க. அதை எந்தக் கட்டத்துல போடறது? எனக்கு டவுட்டா இருக்கு."

நான் அப்போது ஒரு சிறுகதையின் கடைசிப் பத்தியில் இருந்தேன். அதில் ஒருத்தி, தன் புருஷன் சொல்லாமல் விட்டதையெல்லாம் புரிந்துகொண்டு கண் கலங்குகிறாள். நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

"பாக்கலாம்னா ஒத்துக்கிட்டாங்கன்னுதான் அர்த்தம். நாலாவதுல போடு சாமி" என்றேன்.

அந்தச் சிறுகதையும் பிரசுரமாகவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

5.

போனால் போகிறது, ஒரு மாணவியின் ஆய்வுதானே என்று நீங்கள் சொல்லலாம். நானும் அரை நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்றைக்குக் கருத்தரங்க அறையின் மூன்றாவது வரிசையில் பொன்னன் உட்கார்ந்திருந்தார்.

பொன்னனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பெரிய கம்பெனிக்காரர் இல்லை. இருப்பது ஒரே ஒரு பழைய ரிக் வண்டி. முப்பது வருடம் இன்னொருவர் வண்டியில் வேலை செய்து, பிறகு சொந்தமாக வாங்கியது. கேசரி சாப்பிட்டு முடித்ததும் என்னிடம் வந்தார்.

"ஏனுங் அம்மிணி, இத்தன பேரும் ஆப்புல சேந்துட்டா ஒத்த வண்டிக்காரன யாருங்க கூப்புடுவாங்க? எனக்கு அந்த டச்சுப் போனெல்லாம் ஆவாதுங்க. வண்டியக் கேட்டு ஒரு பார்ட்டி அலைஞ்சுட்டே இருக்கறாரு. நல்லா ஓடறப்பவே குடுத்துட்டு ஊட்டுல உக்காந்தர்றதுதான் மரியாதைங்க. திங்கக்கெழம காலைல வாரேங்கறாரு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லா யோசிச்சுத்தான் முடிவு பண்ணிருக்கறீங்கண்ணா" என்றேன். வாயில் போண்டா வேறு.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

6.

முடிவு ஒன்று: முதல்வரிடம் உண்மையைச் சொல்கிறேன். அவர் கண்கலங்கி என் கைகளைப் பற்றி... [எங்கள் முதல்வரை உங்களுக்குத் தெரியாது. அவர் "மொதல்ல அந்த ஒரு பக்கத்த மெயில் பண்ணுங்க மேடம்" என்பார்.]

முடிவு இரண்டு: வாங்க வருகிறவரின் கார் வழியில் பஞ்சராகிறது. [கார்களை நம்பி நான் கதை எழுதுவதில்லை.]

முடிவு மூன்று: நான் வாயை மூடிக்கொள்கிறேன். பொன்னன் வண்டியைக் கொடுத்துவிடுகிறார். ஆப் என்று ஒன்று வரவே இல்லை. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்க்கிறார், "நல்லாருக்கறீங்களா அம்மிணி?" என்று கேட்கிறார். [இதை அடிக்க முடியவில்லை. நடக்கக்கூடியது இது ஒன்றுதான். பயமாக இருக்கிறது.]

மூன்று முடிவு எழுதிய கை ஒரு போன் போடவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் பொன்னனுக்குப் போட்டேன். அந்தப் பக்கம் ரிக் வண்டியின் கம்ப்ரசர் சத்தம்.

"அண்ணா, அந்தக் கணக்கெடுப்பு தப்புங்கண்ணா."

"ஆமாங்க."

"வண்டியக் குடுத்தராதீங்க."

"ஆமாங்க, ஆமாங்க. எடப்பாடிப் பக்கம் வேல ஓடுதுங்க."

ஒரு வார்த்தையும் அவர் காதில் விழவில்லை. அக்சிலியாவைக் கூப்பிட்டேன். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மேம், புதன்கிழமை எனக்கு வைவா."

"தெரியும் சாமி."

"எண்பத்தேழு இல்லன்னா என் ரிப்போர்ட்டே இல்ல."

"அதுவும் தெரியும்."

"ஷீட்டெல்லாம் உங்ககிட்டதான இருக்கு? எடுத்துட்டு வாங்க. நான் இங்கருந்து எடப்பாடி பஸ் ஏறிர்றேன்."

'அன்னைக்கே உங்ககிட்ட கேட்டேனே' என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

7.

இரண்டு பேரும் விசாரித்துக்கொண்டு போனால், எடப்பாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சோளக்காட்டுக்குள் வண்டி நின்றிருந்தது. பொன்னன் தலை, புருவம், மீசை எல்லாம் பாறைத்தூள் படிந்து வெள்ளையாக இருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைக் காட்டி, கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னார்.

நான் சொல்லிவிட்டேன். 'பிழை நேர்ந்துவிட்டது' என்று இலக்கியமாகச் சொல்லவில்லை. இந்தப் பெண் என்னிடம் கேட்டாள், நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தப்பாகச் சொன்னேன், தப்பு என்னுடையது என்றேன். நூற்றொன்பது 'பாக்கலாங்க'வைப் பற்றியும் சொன்னேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பேப்பர்ல நானும் இருக்கறனுங்களா?"

அக்சிலியா கட்டைப் பிரித்துத் தேடினாள். நாற்பத்தொன்றாவது தாள். பொன்னன், ஒரு வண்டி. ஓரத்தில் பென்சிலில் 'பாக்கலாங்க கண்ணு, தண்ணி குடிச்சுட்டுப் போ.' நான்காவது கட்டத்தில் டிக்.

அவர் அதை எட்டத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நான் வேண்டாம்னுதானுங்க சொன்னேன்."

"ஆமாங்கண்ணா."

"அந்தப் பச்சை வட்டத்துல நானும் இருந்துருக்கறேன்."

"ஆமாங்கண்ணா."

"அப்ப என்னையும் சேத்து எண்ணிக் காட்டித்தான், நானே பயந்துட்டனுங்களா?"

வண்டியில் வேலை செய்கிறவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது, தூள் விழுந்துவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அக்சிலியா நிதானமாக இருந்தாள். "அண்ணா, நாளைக்கு வர்றவர்கிட்ட வண்டியத் தர்றேன்னு சொல்லிட்டீங்களா?"

"பேசி முடிச்சாச்சு சாமி."

"என்ன வார்த்தை சொன்னீங்க? அப்படியே சொல்லுங்கண்ணா."

பொன்னன் யோசித்தார். "அன்னைக்கு கேசரி சாப்புட்டு ஊட்டுக்குப் போயி போன் போட்டேன். திங்கக்கெழம வாரேன்னாரு. நானு, 'செரி, பாக்கலாங்க'ன்னேன்."

நான் அக்சிலியாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"இது வேண்டாங்கற பாக்கலாமுங்களாண்ணா?"

"இல்ல சாமி. இது குடுக்கறேங்கற பாக்கலாம்."

"ரெண்டுக்கும் எப்படிண்ணா வித்தியாசம் தெரியும்?"

"கேக்கறவங்களுக்குத் தெரியுமுங்க."

"அவர் எந்த ஊருண்ணா?"

"விழுப்புரம் பக்கமுங்க" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் அவரும் அதை யோசித்தார். அந்த ஊர்க்காரர் 'பாக்கலாங்க'வை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்? வாழ்நாள் முழுக்கச் சொல்லிவரும் ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அந்த மனிதர் முதன்முறையாக யோசித்துக்கொண்டிருந்தார். நேற்றுவரை எனக்கும் அர்த்தம் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை.

8.

பொன்னன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். விழுப்புரத்துக்காரரின் எண்ணைத் தேடிக்கொண்டே வண்டிக்குப் பின்னால் நடந்தார்.

தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அக்சிலியா அவர் பின்னால் போகப் பார்த்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்ன சொல்றார்னு குறிச்சுக்க வேண்டாமா மேம்?"

"வேண்டாம். முடிச்சுட்டு வந்து அவரே சொல்லட்டும். புரியலன்னா இன்னொரு தடவ கேப்போம்."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு முடிவு எழுதித் தருவது எனக்குப் பெரிய காரியமில்லை. கொடுத்துவிட்டார் என்று எழுதினாலும் நம்புவீர்கள், கொடுக்கவில்லை என்று எழுதினாலும் நம்புவீர்கள். ஆனால் அந்த மனிதருக்காக நான் ஒருமுறை பதில் சொன்னது போதும். இன்னொரு முறை சொல்லமாட்டேன்.

வண்டிக்குப் பின்னாலிருந்து பேச்சுச் சத்தம் மட்டும் வருகிறது, சொற்கள் பிடிபடவில்லை. அக்சிலியா தாள்களைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நிழலில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது. வாருங்கள், உட்காருங்கள். அவர் பேசி முடிக்கட்டும்.