செவ்வாய்க்கிழமையே எழுதப்படும் புதன்கிழமை

1

"கூட்டம் நாளைக்குன்னு சொன்னே. இன்னைக்கே மினிட்ஸ் எழுதியாச்சுங்கிறியே?"

"இதுல என்ன அதிசயம்? நீங்க முடிவு தெரியாமயா கதை எழுத உட்காருவீங்க, எழுத்தாளரம்மா?"

"தெரியாமத்தான் உட்காருவேன்."

"அதான் ஒரு கதைக்கு ஆறு மாசம் ஆகுது. நான் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுடுவேன்."

இந்தக் கதை பிறந்தது அங்கேதான். எங்கள் குடியிருப்புப் பூங்காவில், காலையில் எல்லோரும் கைகாலை ஆட்டும் இரும்புக் கருவிகளுக்குப் பக்கத்தில். என்னோடு பேசியவள் எதிர்வீட்டு கெங் ஷூயுன். நாற்பத்தெட்டு வயது. சீனாவில் ஹுவாய் ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊர்க் கண்ணாடி ஆலையில் இயக்குநர் குழுவுக்குச் செயலர்.

ஆலையின் பெரும்பங்கு நகர அரசின் கையில். திங்கட்கிழமை ஆலையின் கம்யூனிஸ்ட் கட்சிக் குழு கூடிப் பேசி முடிவெடுக்கும். புதன்கிழமை இயக்குநர் குழு கூடிக் கை தூக்கும். நடுவில், செவ்வாய்க்கிழமை, ஷூயுன் புதன்கிழமையை எழுதிவிடுவாள்: 'வேறு கருத்து எதுவும் இல்லை. அனைவரும் ஒருமனதாக ஏற்றனர்.'

(இடையில் ஒரு குறிப்பு. வெளியிலிருந்து வரும் இயக்குநர் பேராசிரியர் மோ, ஒரு புதன்கிழமை ரயில் பழுதாகி வழியிலேயே நின்றுவிட்டார். மினிட்ஸிலோ அவர் மூன்று கருத்துகள் சொல்லியிருந்தார். படித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பேசியிருக்கேன், ரெண்டாவதுதான் கொஞ்சம் நீளம்" என்றாராம். ஷூயுன் காது சிவந்து, முழுவதையும் திருத்தி எழுதினாள்.)

2

நான் முதலில் எழுதிய தொடக்கம்: 'அரசின் இரும்புக் கரம் ஒரு குடும்பத்தை இரண்டாக—'

அடித்துவிட்டேன். ஷூயுன் பார்த்தால் என் தலையில் தேநீரைக் கொட்டுவாள்.

கண்ணாடி உலையை நினைத்தபோது அணைத்துவிட முடியாது. அணைந்தால் உள்ளே உருகிக் கிடப்பது கல்லாக இறுகும், உலையே போய்விடும். பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் கடன் கொடுத்த வங்கிகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. ஒன்பது நாளுக்குத்தான் எரிவாயு இருந்தது. நகர அரசு வங்கிக்காரர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தது. பங்குகளைத் தானே வாங்கிக்கொண்டது. நிதித்துறையிலிருந்து பாங் என்பவரைத் தலைவராகவும் கட்சிச் செயலாளராகவும் அனுப்பியது. உலை அணையவில்லை.

அந்த உலையின் முன்னால் நின்றவர்களில் ஒருவன் ஃபூ சாங்லின், ஷூயுனின் கணவன். அவர்கள் மகள் கல்லூரி படித்து முடித்தது அந்தச் சூட்டில்தான். ஷூயுன் இன்றும் ஆலைப் புகைபோக்கியைக் கடக்கும்போது ஒரு நொடி நின்று பார்ப்பாள்.

ஆறு வருடங்களுக்கு முன், ஆலையின் ஆவண அறையில் இருந்த அவளுக்குச் செயலர் பதவி வந்தது. கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் பொறுப்பில் இருக்கக் கூடாது என்பது விதி. சாங்லினை வடமேற்கே கான்சூவில் உள்ள கிளை ஆலைக்கு அனுப்பினார்கள். மூன்று வருடம் என்றார்கள். அது ஆறானது. இப்போது இன்னும் மூன்று வருடம் நீட்டிக்க வேண்டும் என்று அடுத்த வார நிகழ்ச்சி நிரலில் நாலாவது விஷயமாக வந்திருக்கிறது. அதை எழுத வேண்டியவள் ஷூயுன்.

3

பாங்கை வில்லனாக்கிப் பார்த்தேன். 'அவருடைய உதட்டோரம் ஒரு குரூரமான—'

வரவில்லை. அந்த மனிதர் கேன்டீனில் தட்டேந்தி வரிசையில் நிற்கிறார். ஷூயுனை இன்னும் 'சின்ன கெங்' என்றுதான் கூப்பிடுகிறார். அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஆலையின் காரை அனுப்பியவரும் அவர்தான். இவரை எப்படித் திட்டுவது?

சாங்லினாவது பாங்கிடம் மாற்றல் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அவர்கள் தினமும் தொலைபேசியில் பேசுவது இப்படி:

"அங்க ஆட்டுக்கறி ருசியாம். அதான் உனக்கு வர மனசில்ல."

"ருசிதான். தனியாச் சாப்பிட்டா பாதிதான் இறங்குது."

"கேளேன் அவர்கிட்ட."

"உலையக் காப்பாத்தின மனுஷன். அவர்கிட்ட போய் எனக்கு இடம் மாத்துங்கன்னு எந்த வாயால கேக்கறது? நீ கேளேன்."

"எனக்கு மட்டும் என்ன ரெண்டு வாயா இருக்கு?"

4

முடிவுகள்.

(அ) புதன்கிழமைக் கூட்டம். "வேறு கருத்து உண்டா?" என்று பாங் வழக்கம்போல் கேட்கிறார். ஓட்டுரிமை இல்லாத ஷூயுன் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நிற்கிறாள்.

ஷூயுனிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "டிவி சீரியலா இது? புதன்கிழமை கேட்டா அது அவருக்கு அவமானம். கேக்கறதுன்னா திங்கட்கிழமைக்கு முன்னாடி கேக்கணும்."

(ஆ) சாங்லின் வேலையை உதறிவிட்டு ஒரு பை முலாம்பழத்தோடு ரயிலில் வந்து இறங்குகிறான்.

"வரட்டும். அடுத்த ரயில்ல நானே ஏத்திவிடறேன்."

ஆக, (இ). இது நடந்தது. பாங் சொன்ன பதிலையும் ஷூயுன் எனக்குச் சொன்னாள். அதை நான் எழுதப்போவதில்லை. முடிவை முன்கூட்டியே எழுதிவைக்க எங்கள் ஊரில் ஆள் இருக்கிறது. இது ஒன்றாவது உங்கள் கையில் இருக்கட்டும். இதைக் கொடுத்ததற்காக ஷூயுனுக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

வெள்ளிக்கிழமை மதியம். மாட்டிறைச்சி சூப் கிண்ணத்தோடு பாங் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சின்ன கெங், திங்கட்கிழமைக்கு எல்லாம் தயாரா?"

"தயார், செயலாளரய்யா. நாலாவது மட்டும் எழுத வரல."

"உனக்கா எழுத வரல?" ரொட்டியைப் பிய்த்து சூப்பில் போட்டார். "வராத பேராசிரியரையே பேச வச்சவளாச்சே நீ."

அவள் சிரிக்கவில்லை. "அந்தக் குளிர்காலத்துல உலைய அணைய விடாமப் பாத்துக்கிட்டீங்க. அதுக்கு நான் நன்றியே சொன்னதில்ல. இப்போ சொல்றேன்."

"பதினஞ்சு வருஷம் கழிச்சா?"

"முதல்ல தோணல. அப்புறம் இந்த ஆறு வருஷமா, நன்றி சொன்னா அதே மூச்சுல இன்னொண்ணையும் கேட்டுடுவேனோன்னு பயம்."

பாங் சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தார்.

"என் நாற்காலிய வேற யாருக்காவது குடுங்க," என்றாள் ஷூயுன். "எனக்குப் பழைய ஆவண அறையே போதும். சாங்லின வீட்டுக்கு அனுப்பிடுங்க."