மச்சானுக்கு ஒரு மன்னிப்பு வீடியோ

மூன்று வருடங்களுக்கு முன் குலசாமி கும்பிடுக்குப் பழனிமுத்து கொண்டுவந்த கிடாயைப் பார்த்து, மணியன் ஊர் நடுவில் ஒரு கேள்வி கேட்டார்.

“மச்சான், இது கிடாயா, கிடாயோட எக்ஸ்ரேயா?”

ஊர் சிரித்தது. பழனிமுத்து கிடாயை அப்படியே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போனவர்தான். அதன் பிறகு மணியனின் ஊரான கவுஞ்சிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது மணியனின் மகள் ரம்யாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மணமேடைக்கு அழைக்க முடியாது. தாய்மாமன் பழனிமுத்து. நடுவில் மாட்டிக்கொண்டவள் பொன்னுத்தாய். ஒருவருக்குப் பெண்டாட்டி, மற்றவருக்குத் தங்கை.

நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டால்தான் வருவேன் என்று அண்ணன் சொல்லியனுப்பினார். அவர் வாசல்படியை மிதிக்கமாட்டேன் என்றார் புருசன். வீடியோ என்று வழி சொன்னவள் பொன்னுத்தாய்தான்.

“செல்லுல வேணாம்,” என்றார் மணியன். “பஸ்ஸு பூம்பாறை தாண்டுறதுக்குள்ள எல்லாவன் ஸ்டேட்டஸ்லயும் கெடக்கும்.”

ஆகவே பக்கத்துத் தோட்டத்து ஆனந்திடம் இருந்த பழைய டிஜிட்டல் கேமரா வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற சாமான். மன்னிப்பையும் அவனே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். காலேஜில் படித்தவன்.

“ஒருக்கா அமுக்குனா ஓடும். மறுபடி அமுக்குனா நிக்கும். ஓடுறப்ப ஸ்கிரீன்ல செவப்புப் புள்ளி மினுங்கும். வேணாம்னா இந்தக் குப்பைத்தொட்டி படத்த அமுக்குங்க, அழிஞ்சிரும்.” அவ்வளவுதான் பேசினான்.

காலையில் மணியன் வெள்ளைச் சட்டை போட்டு, காயப்போட்ட பூண்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். பொன்னுத்தாய் அமுக்கினாள்.

“அன்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு. கடந்தகால நிகழ்வொன்றினால் தங்கள் மனம் புண்பட்டிருப்பின்…”

ஆதார் அட்டையில் இருக்கிற முகம். பஸ் வராது என்று அறிவிக்கிற குரல். இதைக் கேட்டு எந்த அண்ணனும் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

“நிப்பாட்டிட்டியா?”

“நிப்பாட்டிட்டேங்க.” உண்மைதான். ஆனால் அவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றியதும் முகம் உயிர்பெற்றது. அவள் கட்டைவிரல் மறுபடி அமுக்கியது. கேமரா மடியில் சும்மா கிடப்பதுபோல் கிடந்தது.

“புண்பட்டிருப்பினாம். புண்ணாவது புடலங்காயாவது. கிடா எளச்சுக் கெடந்துச்சா இல்லையா, நீயே சொல்லு.”

“எளச்சுத்தான் கெடந்துச்சு.”

“பெறகு? அதச் சொன்னா தொரை இப்பிடிப் போவாராம்.” எழுந்தார். வயிற்றை முன்னே தள்ளி, வலது தோளைச் சரித்து, இரண்டு எட்டுக்கு ஒருதரம் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பி நடந்தார்.

பொன்னுத்தாய் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “அவரு வராட்டிப் போறாரு. எங்க சித்தப்பா மகன் சிவமுருகன் இருக்கான்ல, அவன் மாலை போடட்டும்.”

மணியன் நடையை நிறுத்தினார்.

“எவன்? கிட்ட வந்தான்னா கைய ஒடிச்சுப்புடுவேன். மச்சான் போடாத மாலை என்ன மாலை? அந்தக் கோணத் தோளுக்காரருதான் வரணும். என் மூஞ்சியப் பாக்க வேணாம். பிள்ளைக்குப் போட்டுட்டுப் போகட்டும்.” உட்கார்ந்து பொத்தானை மாட்டினார். “சரி, இன்னொருக்கா வாசிக்கேன். எடு.”

அவர் செருமினார். அவள் அமுக்கினாள். சிவப்புப் புள்ளி அணைந்தது. மணியன் கடைசிவரை உருக்கமாக வாசித்தார்.

அண்ணன் வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது முதல் வீடியோவைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். போட்ட பிறகுதான் உறைத்தது. இனி இருப்பது ஒன்றுதான்.

அண்ணன் வீட்டில் உறவுக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேமராவின் ஒயரை டி.வி.யில் சொருகினார்கள். பழனிமுத்து கையைக் கட்டிக்கொண்டார்.

புடலங்காய் வந்தது. நடை வந்ததும் மதினி கந்தம்மாள் முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள். அண்ணன் முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போனது. போச்சு, என்று நினைத்தாள் பொன்னுத்தாய்.

முடிந்ததும் அவர், “திருப்பிப் போடு,” என்றார்.

மூன்று தரம் ஓடியது.

“ஏ, என் தோளு கோணையாவா இருக்கு?”

“ஆமாங்க,” என்றாள் மதினி.

“இத்தன வருசமா நீ சொல்லலயே.” தங்கையிடம் திரும்பினார். “சிவமுருகன் மாலை போடட்டும்னு சொல்ல உனக்கு எப்பிடி வாய் வந்துச்சு? அவருக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியல.” ஜீப் சாவியைத் தேடினார்.

“அண்ணே, நான் இத எடுத்தது அவருக்குத் தெரியாது.”

பழனிமுத்து கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார்.

பொழுது சாய கவுஞ்சி வந்து சேர்ந்தார்கள். மணியன் நாற்காலியைவிட்டு எழுந்தார். பழனிமுத்து அவர் கையைப் பிடித்தார்.

“மாப்ள, பாத்தேன். ‘புண்பட்டிருப்பின்’னு சொன்னீகளே, அங்கன எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.”

மணியனின் நெஞ்சு நிமிர்ந்தது. “அப்பிடியா மச்சான்? ஏ பொன்னு, அதப் போடு, நானும் ஒருக்கா பாக்கேன்.”

அண்ணன் கூரையைப் பார்த்தார்.

“அத அழிச்சிட்டேங்க,” என்றாள் பொன்னுத்தாய். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. உலை வைக்க உள்ளே போனாள்.