பச்சை பெயிண்ட் அடித்த தார்ப்பாய் மிஷின்

ஆயுத பூஜைக்கு மிஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தால் போதாதா? என் வீட்டுக்காரர் தசரதனுக்குப் போதவில்லை. பெருங்களத்தூர் ஹார்டுவேர் கடையில் ஒரு டப்பா பச்சை பெயிண்ட் வாங்கி வந்து, தார்ப்பாய் தைக்கிற என் மிஷினுக்குத் தலையிலிருந்து கால்வரை அடித்துவிட்டார். மோட்டாரைத் தனியாகக் கழற்றி வைத்து, சக்கரத்தில் இண்டு இடுக்கு விடாமல், கம்பெனிப் பெயர் இருந்த பித்தளைத் தகட்டையும் சேர்த்து அடித்தார். "லட்சுமிகரமா கீது பாரு" என்று பெருமை வேறு. மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஓடியது, ஊசி ஏறி இறங்கியது, தார்ப்பாயில் வெறும் ஓட்டைதான் விழுந்தது. ஒரு தையல்கூட நிற்கவில்லை.

வீட்டில் ஜாக்கெட் தைக்கிற மிஷின் இல்லை அது. பல்லாவரத்தில் மூடிப்போன ஒரு தோல் கம்பெனியின் ஏலத்தில் எடுத்தது, வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. நாலு ஆள் சேர்ந்துதான் வண்டியிலிருந்து இறக்கினார்கள். அதற்குப் புத்தகம் கிடையாது, ஸ்பேர் கிடையாது, இதே மாதிரி இன்னொன்றை இந்தப் பக்கத்தில் எவரும் பார்த்ததும் கிடையாது. ஆனால் தார்ப்பாயை மூன்றாக மடித்துக் கொடுத்தாலும் முனகாமல் தைக்கும். மழைக்காலம் வந்தால் ஜிஎஸ்டி ரோட்டு லாரிக்காரர்கள் கிழிந்த தார்ப்பாயோடு என் ஷெட் வாசலில்தான் நிற்பார்கள்.

ஷெட் என்னுடையது இல்லை, அதுதான் வினை. குடும்பத்து நிலமெல்லாம் மனையாகப் போன பிறகு மிஞ்சியது கிணறும் பம்ப்செட் ஷெட்டும் அதற்கு வந்த மூன்று பேஸ் கரண்டும்தான். அது வீட்டுக்காரரின் அண்ணன் குப்புராஜ் பெயரில் இருந்தது. மிஷின் நின்ற செய்தி கேட்டு வந்தவர், பூஜைப் பொரியை மென்றுகொண்டே சொன்னார்: "தீபாவளிக்குள்ள ஓடுதா பாரு சுந்தரவல்லி. இல்லாங்காட்டி ஷெட்டை எஸ்.டி.டி. பூத்துக்கு வுட்ருவேன். ஒர்த்தன் கேட்டுகினே கீறான்."

ஷெட் போனால் எனக்கு மிச்சம் தாம்பரம் பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனிதான். அங்கே வருஷக்கணக்கில் காலர் தைத்தவள் நான். ஒன்றுக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் வேறொருத்தியிடம் இருந்தால் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். செத்தாலும் அந்த வாசலை மிதிப்பதில்லை என்றுதான் வளையலை விற்று இந்த மிஷினை எடுத்தேன்.

குரோம்பேட்டையிலிருந்து மெக்கானிக் லோகநாதனை வரவழைத்தேன். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார், தையல் முத்து முத்தாக விழுந்தது. சுவிட்சைப் போட்டார், விழவில்லை. "கைல வருது, கரண்ட்ல வர்ல. உள்ள தேஞ்சி போச்சிக்கா, ஸ்பீடுல ஆடுது" என்று மிஷினின் வயிற்றைத் திறந்து, எல்லாவற்றையும் பேப்பரில் பரப்பித் துடைத்து, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டினார். ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. "அது எக்ஸ்ட்ராக்கா" என்றார். மிஷின் செய்தவன் எக்ஸ்ட்ரா ஸ்க்ரூவை உள்ளே வைத்து ஏன் பூட்டினான் என்று கேட்டேன். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் அன்றைக்குத் திரும்பவில்லை.

அடுத்து வந்தார் கஸ்தூரிரங்கன் சார். கிழக்குத் தாம்பரத்தில் ரிட்டயர்டு ஆபீசர், ஈஸி சேர் துணியை என்னிடம் தைக்கக் கொடுத்துவிட்டுச் சாய இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர். ஏதோ லைப்ரரியில் தேடி ஒரு புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தார்.

"ஜெர்மன்லதான் இருக்கும்மா. ஆனா டயக்ராமுக்குப் பாஷை ஏது?"

"இதுல ரெண்டு ஊசி கீதே சார். நம்மளுது ஒத்த ஊசி."

"பிரின்சிபிள் ஒண்ணுதாம்மா."

படத்தில் இருந்த ஒரு லீவரைத் தேடி மத்தியானம் முழுக்க மிஷினுக்கடியில் படுத்துக் கிடந்தேன். அப்படி ஒரு லீவரே எங்கள் மிஷினில் இல்லை. சார் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஜெராக்ஸைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன், வயசானவராயிற்றே என்று விட்டேன்.

இதெல்லாம் நடக்கும்போது வீட்டுக்காரர் மூலையில் ஸ்டூல் போட்டுப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "வுடேன். பழைய இரும்பு. அதுக்குப் போயி இன்னாத்துக்குப் பேஜார் பண்ணிக்கிற?" என்பார். என்மேல் இருக்கிற அக்கறையில் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. காத்திருந்த லாரிக்காரர் ஒருவர், "வேற எங்கனா பாத்துக்கறேன்க்கா" என்று தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. ஆத்திரத்தில் மிச்சத் துணி ஒன்றை ஊசிக்கடியில் தள்ளி, சக்கரத்தை என் பக்கமாக இழுத்து இழுத்துக் கையாலேயே தைத்தேன். சுவிட்சை அணைக்க மறந்திருந்தேன், காலும் பெடலில் இருந்தது. கரண்டு வந்ததும் சக்கரம் என் கையைப் பிடுங்கிக்கொண்டு எதிர்ப்பக்கமாகச் சுழன்றது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது.

எதிர்ப்பக்கமாக.

மெயினை அணைத்துவிட்டு, கத்தரிக்கோலால் சக்கரத்தின் பச்சை பெயிண்டைச் சுரண்டினேன். இரும்பு வார்ப்பிலேயே ஓர் அம்புக்குறி, என் பக்கமாகச் சுற்றச் சொல்லிக்கொண்டிருந்தது. கிணற்று மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால், அது திருப்பிச் சுற்றுகிறது, மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்று என்று இந்த வீட்டில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். இரண்டு ஒயரை மாற்றி மாட்டி மெயினைப் போட்டேன். மிஷின் பழையபடி தைத்தது.

வீட்டுக்காரர் பீடியைக் கீழே போட்டார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"பெயிண்ட் அடிக்கச்சொல்ல ஒயரை மாத்தி மாட்டினியா?"

"தெரியாமத்தான் மாட்டிட்டேன்."

"கெணத்து மோட்டார் ஓட்டின ஆளு நீ. அப்பாலகூடவா தெரியல?"

மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "லோகநாதன் கைல சுத்தி, தையல் வுழச்சொல்லதான் தெரிஞ்சிது."

"தெரிஞ்சுமா?"

"உன் பழைய சூப்பர்வைசரைப் பாத்துட்டு வந்தேன். திங்கக்கெயம வரச் சொன்னாரு. மாசாமாசம் சம்பளம், பி.எப்., போனஸ். அண்ணனும் பூத்துக்காரன்கிட்ட பேசிகினு கீறான். எல்லாம் நல்லதுக்குதானேன்னு கம்முனு இருந்துட்டேன்."

மிஷினுக்கடியில் கிரீஸில் நான் புரண்டதையெல்லாம் இந்த மனுஷன் ஸ்டூலில் உட்கார்ந்து தெரிந்தே வேடிக்கை பார்த்திருக்கிறார். ஒயரை மாற்றி மாட்டியதை மன்னித்துவிடலாம். இதை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை. அழுகை முட்டியது, அவர் முன்னால் அழக்கூடாது என்று தார்ப்பாயை எடுத்து ஊசிக்கடியில் வைத்தேன்.

சத்தம் கேட்டுக் குடையோடு வந்து நின்றார் குப்புராஜ். "ஓடுதா?"

"ஓடுது மாமா. தீபாவளி இன்னும் வர்ல."

தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சர்தான், பூத்துக்கு வேற எடம் பாக்கச் சொல்றேன்" என்றார்.

நான் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "கம்பெனில பேக்கிங்குக்கு ஆம்பளைங்களையும் எடுக்கறாங்க இல்ல?"

"எடுக்கறாங்க. அதுக்கின்னா?"

"திங்கக்கெயம நீ போ."

"நானா?"

"மாசாமாசம் சம்பளம், பி.எப்., போனஸ். எல்லாம் நல்லதுக்குதான்."

அண்ணன் ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தார். அண்ணன் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் சோறு கட்டிக் கொடுத்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் நானே கூடப் போனேன். பஸ் வந்தது, ஏறினார். டாட்டா காட்டவில்லை நான். ஷெட் வாசலில் லாரி நிற்குமே என்று வேகமாகத் திரும்பி நடந்தேன்.